வந்து இல்லாத பேச்சு

இலந்தைக்குறிச்சியில் ஒருவர் ஓர் இடத்துக்குக் கிளம்பினால் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லாத ஒரு காலம் இருந்தது. வெகு காலத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. நாலுவழிச்சாலை போட்டாகிவிட்டது, எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது, அப்புறம்தான் நடந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொடங்கி, வேதக்கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு உலை வைப்பதற்குள் முடிந்துபோனது. வெளியூர்க்காரர்கள் இதை நம்புவதில்லை. அவர்கள் நம்பாததால் எங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் மாவு மில்லுக்கு மேலே ஓர் அறை உண்டு. அந்த அறையில் ஜெபக்கனியும் வெயிலுகந்தானும் சேர்ந்து ‘ஊர்க்காது’ என்று ஒரு பாட்காஸ்ட் நடத்திவந்தார்கள். பாட்காஸ்ட் என்றால் என்ன என்று நாங்கள் கேட்டபோது, “படம் இல்லாத டிவி, நேரம் இல்லாத ரேடியோ, எப்பம் வேணும்னாலும் போன்ல கேக்கலாம்” என்று வெயிலுகந்தான் சொன்னார். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்த குரல். கேள்வி கேட்கிற வேலை அவருடையது. மற்ற எல்லா வேலையும் ஜெபக்கனியுடையது. வாரம் ஒரு ஆளை மாடிக்கு அழைத்துவந்து அவருடைய பிழைப்பைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் பேச வைப்பார்கள். பஸ் ஏறிப் போய்ப் பேச வேண்டிய பெரிய மனிதர்கள் யாரையும் அவர்கள் தேடவில்லை, எங்களையே பேச வைத்தார்கள், நாங்களும் எங்களையே கேட்டோம், இதைவிட நல்ல நிகழ்ச்சி உலகத்தில் இருக்க முடியாது என்று முடிவு செய்துகொண்டோம்.

பதிவு நடப்பதைப் பார்க்க வேண்டும். மில் ஓடும்போது பேச முடியாது என்பதால் மில்காரர் சாப்பிடப் போகிற மத்தியான நேரம்தான் பதிவு நேரம். பந்தல்காரரிடம் கேட்டு வாங்கிய ஜமுக்காளங்களை நாலு சுவரிலும் தொங்கவிட்டு, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கக் கதவோரம் ஒரு பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்து, ஃபேனை அணைத்து, பேச வந்தவரின் வளையலையும் சாவிக்கொத்தையும் சட்டைப்பையில் சரசரக்கிற பீடிக்கட்டையும் ஒரு தாம்பாளத்தில் வாங்கி வைத்து, வியர்க்க வியர்க்க உட்கார வைத்து, “மைக்க மொறைக்காதீய, அது கடிக்காது” என்று வெயிலுகந்தான் சிரிக்கவைத்து, எல்லாம் ஆன பிறகு மூலையில் பெரிய ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஜெபக்கனி ஒரு பொத்தானை அமுக்கி, “ம், பேசுங்க” என்பாள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்க மாட்டாள். நிகழ்ச்சி வெளியாகும்போது அந்த “ம், பேசுங்க”வும் இருக்காது, அதையும் அவளே வெட்டியிருப்பாள்.

வெட்டுவதுதான் அவள் வேலை. இருமலை வெட்டுவாள், காக்காயை வெட்டுவாள், நாற்காலி முனகுவதை வெட்டுவாள், எச்சில் விழுங்குகிற சத்தத்தை வெட்டுவாள், வெட்டின தடம் தெரியாமல் இரண்டு முனையையும் சேர்ப்பாள். பேசினவர் கேட்டுவிட்டு, “நானா இம்புட்டு நல்லாப் பேசினேன்” என்று ஆச்சரியப்படுவார். “நீங்கதான்” என்பாள். அந்த ஒரு பதிலைச் சொல்வதற்காகத்தான் அவள் வாரம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தாள் என்று நான் நினைக்கிறேன்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது தோஹாவிலிருந்து ஒரு நேயர் எழுதினார். நிகழ்ச்சி அருமை, ஆனால் உங்கள் ஊரில் ஆளுக்கு ஆள் வந்து, வந்து என்கிறார்களே, கடைசிவரை யார்தான் வந்தார்கள் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே பலபேர் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள்.

ஜெபக்கனிக்கு முகம் சிவந்துவிட்டது. அவளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வேலை சுத்தமில்லை என்று மட்டும் சொல்லக்கூடாது. நாங்கள் வாயைத் திறந்தால் ‘வந்து’ வரும் என்பது உண்மைதான். நான் வந்து காலையில வந்து கடைக்குப் போனேன் என்றுதான் எங்களுக்குப் பேச வரும். அவள் உட்கார்ந்தாள். அதுவரை வெளியான எல்லா நிகழ்ச்சியையும் மறுபடி எடுத்து, ஒரு ‘வந்து’ விடாமல் வெட்டினாள். காதில் கேட்கக்கூட வேண்டியதில்லை. திரையில் குரல் மேடும் பள்ளமுமாக ஓடும்போது, பெரிய கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் ஒரு சுண்டைக்காய் கிடந்தால் அது ‘வந்து’ என்று அவளுக்குத் தெரியும். வெட்டினதையெல்லாம் தூக்கிப் போடாமல், ஆண்டு விழா நிகழ்ச்சியில் சிரிப்பதற்காக ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஃபைலில் பூமாலை மாதிரி கோத்து வைத்தாள். கம்ப்யூட்டரில் இடம் இல்லையென்று பழைய பதிவுகளை அழித்தாள்.

ஒருவருடைய ‘வந்து’வை மட்டும் அவள் அந்த மாலையில் கோக்கவில்லை. அவர் அவள் புருஷன், ஞானதிரவியம். தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே போய் வெங்காயத்தோடு திரும்புகிறவர். மாதத்தில் முக்கால்வாசி நாள் ரோட்டில் இருப்பவர். கூச்ச சுபாவம், மூன்று சொல்லுக்கு ஒரு ‘வந்து’ போட்டால்தான் நாலாவது சொல் வரும். அவரையும் ஒரு நாள் மைக்குக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். “ஞானம், தனியா வண்டி ஓட்டும்போது யாரு நெனப்பு வரும்?” என்று வெயிலுகந்தான் கேட்டதற்கு, அவர் மூலையில் இருந்த ஜெபக்கனியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அது வந்து… வந்து…” என்று சொல்லி, அதோடு நிறுத்திவிட்டார். ஹெட்போனுக்குள் அந்த வெறும் மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஜெபக்கனிக்கு வலித்தது. என் நினைப்பு என்று சொல்ல ஒரு நொடி ஆகுமா என்று இருந்தது. கேள்வியையும் மௌனத்தையும் சேர்த்து வெட்டினாள். ஊர் சிரிக்கக்கூடாது என்று அவருடைய ‘வந்து’ ஒவ்வொன்றையும் அடியோடு அழித்தாள். கடைசியில் ஞானதிரவியம் கலெக்டர் மாதிரிப் பேசினார்.

சனிக்கிழமை மத்தியானம் சுத்தமான நிகழ்ச்சிகள் எல்லாம் வலையேறின. அன்று சாயங்காலமே டீ மாஸ்டர் பால்சாமி வீட்டிலிருந்து கடைக்குக் கிளம்பி, கடைக்குப் போய்ச் சேரவில்லை.

அவர் நடந்தார். கடை கண்ணுக்குத் தெரிந்தது, பாய்லர் புகை தெரிந்தது, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போய் உட்கார்ந்து மாஸ்டர் எங்கே என்று கேட்டார்கள், அவரும் வேகம் வேகமாக நடந்தார், கடை இருந்த தூரத்திலேயே இருந்தது. திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார், வீடும் வரவில்லை. ஆட்டோவில் ஏற்றினார்கள், ஆட்டோ கடை வாசலுக்கு வந்தது, மாஸ்டர் ஏறின இடத்திலேயே உட்கார்ந்த வாக்கில் இருந்தார். “சரி, விடு, இங்கனயே இருக்கேன்” என்று பால்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஞ்சாயத்துக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றார். மறுநாள் காலையில் பாய்லரை அங்கே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தோம். டீ குடிக்காமல் இருக்க முடியுமா?

அடுத்து தவசிப்பிள்ளை நல்லபெருமாள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குச் சமைப்பவரைத் தவசிப்பிள்ளை என்போம், அவர் கையால் அவியல் வைக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை. பக்கத்துத் தெரு மண்டபத்துக்குக் கரண்டியோடு கிளம்பியவர் குளத்தங்கரை ஆலமரத்தடியைத் தாண்ட முடியாமல் நின்றார். பெண் வீட்டார் கொஞ்ச நேரம் மணிக்கட்டைப் பார்த்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பிறகு இரண்டு வீட்டாரும் பேசி, அடுப்பையும் அண்டாவையும் வாழைமரத்தையும் மேளக்காரர்களையும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆலமரத்தடிக்கு நகர்த்தினார்கள். குளத்துக் காற்றில் சாப்பிட்ட அந்தப் பந்தியை இன்றைக்கும் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு வந்த கல்யாணங்கள் எல்லாம் அங்கேயே நடந்தன. பத்திரிகையில் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து என்று அடிப்பதை நிறுத்திவிட்டு, தாங்கள் இருக்கும் இடத்தில் இருந்தே வாழ்த்தும்படி என்று அடித்தார்கள், மொய்யைப் பொறுத்தவரை மட்டும் பழைய வழக்கமே தொடர்ந்தது.

நர்ஸம்மா சந்தனமாரி மதகுப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். சுகர்க்காரர்கள், பிரஷர்க்காரர்கள், நிறைமாதக்காரிகள் எல்லோரும் அங்கே போனார்கள். வெயில் தாழ மதகு வரைக்கும் நடந்து போனதிலேயே பாதிப் பேருக்கு சுகர் குறைந்துவிட்டது என்று அவர் சொன்னார், அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தார்.

இப்படி மாடிக்குப் போய்ப் பேசினவர்கள் ஒவ்வொருவராக ஊரின் ஒவ்வொரு மூலையில் நின்றார்கள். நாங்கள் அசரவில்லை. வர முடியாதவர்களிடம் நாம் போக வேண்டியதுதான் என்று ஆனது. அவரவர் வீட்டார் தூக்குச்சட்டியோடு நடந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா நிற்கிற இடத்துக்குப் போய் வீட்டுப்பாடம் எழுதினார்கள். யாராவது விடைபெறும்போது போயிட்டு வாறேன் என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டு, போயிட்டு, என்று மட்டும் சொல்லிப் போனார்கள், நாங்களும் மரியாதைக்கு, சரி போயிட்டு, என்றோம். போனில் கூப்பிட்டால் வந்துக்கிட்டே இருக்கேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். இப்போது அதையே உண்மையாகச் சொன்னவர்களையும் ஒருவரும் நம்பவில்லை, அதுதான் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

காரணத்தைக் கண்டுபிடித்தது சந்தனமாரிதான். மதகில் உட்கார்ந்து பொழுது போகாமல் தன் நிகழ்ச்சியைத் தானே கேட்டவர், பாதியில் நிறுத்திவிட்டு ஜெபக்கனிக்குப் போன் போட்டார்.

“ஏ கனி, நா வந்து பேசும்போது வந்து போடாமப் பேசினதே கெடையாது. எங்க ஆத்தா வயித்துல இருந்து விழுந்தப்பவே வந்துன்னுதான் அழுதிருப்பேன். இதுல ஒண்ணு கூட இல்லியே, எங்க போச்சு?”

“வெட்டிட்டேன் மைனி. கேக்க நல்லா இருக்கும்னு.”

“கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எம் பேச்சுல வந்து இல்ல, அதான் நா வரல” என்றார் சந்தனமாரி.

வெயிலுகந்தான் இதைக் கேட்டுவிட்டு, “சரிதான்” என்றார். வேறு யாரும் வேறு காரணம் கேட்கவில்லை, நாங்கள் அவ்வளவு வேலையற்றவர்களும் இல்லை.

ஆனால் ஜெபக்கனிக்குப் புருஷன் நினைப்பு வந்தது. ஞானதிரவியம் நாக்பூர் தாண்டி எங்கேயோ இருந்தார். அசனத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். வண்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது, டயர் தேய்ந்தது, ஆனால் தலைக்கு மேலே பச்சைப் பலகையில் தெற்கே எழுதியிருந்த ஊரின் தூரம் ஒரு எண் கூடக் குறையவில்லை. டீசலும் குறையவில்லை, தூரமே குறையாதபோது டீசல் எப்படிக் குறையும்? முதலாளி வேறு வண்டியை அனுப்பி வெங்காயத்தை நடுரோட்டிலேயே மாற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கே ஊருக்குள் நிற்கிறவர்களிடம் நாங்கள் தூக்குச்சட்டியோடு போனோம், நாக்பூருக்கு யார் தூக்குச்சட்டியோடு போவது?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. பழகிவிடுமோ என்று பயந்தாள். பால்சாமி பழகிவிட்டதை அவள் கண்ணால் பார்த்தாள். குழாயடி டீக்கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஞானதிரவியமும் போனில், “இங்கேயும் நன்றாகத்தான் இருக்கிறது கனி. ரோட்டோரத்தில் ஒரு பஞ்சாபி கடை இருக்கிறது. ரொட்டி தருகிறார்கள். கவலைப்படாதே” என்று சொல்லத் தொடங்கியிருந்தார். ஆமாம், அப்படித்தான் பேசினார். வண்டியில் தனியாகத் தன் நிகழ்ச்சியையே திரும்பத் திரும்பக் கேட்டு, இவ்வளவு நன்றாகப் பேசுகிறோமே என்று சந்தோஷப்பட்டு, அந்தச் சுத்தமான பேச்சே அவருக்கு வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘வந்து’ போயே போய்விட்டது. வந்துக்கிட்டே இருக்கேன் என்று சொல்கிற மனுஷன் இப்போது, புறப்பட்டுவிட்டேன், என்றார். போனை வைத்துவிட்டு ஜெபக்கனி அழுதாள்.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, ஹெட்போனை மாட்டினாள். முதலில் ஊர்க்காரர்களைக் கரை சேர்த்தாக வேண்டும். கோத்து வைத்த மாலையைப் பிரித்து ஒவ்வொரு ‘வந்து’வையும் அதன் குரல் பார்த்து, மூச்சுப் பார்த்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் பதித்தாள். அவளுக்குத் தெரியாத குரல் எங்கள் ஊரில் கிடையாது, ஆனாலும் ஒரு இடத்தில் சறுக்கிவிட்டது. பால்சாமிக்கும் நல்லபெருமாளுக்கும் வெற்றிலை போட்டுத் தடித்த ஒரே மாதிரித் தொண்டை. ‘வந்து’ மாறிப்போய், தவசிப்பிள்ளை நேராக டீ மாஸ்டர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார், மாஸ்டர் தவசிப்பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாஸ்டர் வீட்டம்மா எந்தச் சலனமும் இல்லாமல் தவசிப்பிள்ளைக்குச் சோறு போட்டார். அவர் ரசத்தில் புளி தூக்கல் என்றார். “அப்ப இவரு எங்க வீட்டு ஆளு இல்ல” என்று அந்தம்மா ஜெபக்கனிக்குப் போன் பண்ணினார். ஜெபக்கனி மாற்றி வைத்தாள்.

ஒவ்வொருவராக வீடு வந்து சேர்ந்தார்கள். சந்தனமாரி வந்து, குளித்து, வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு, சாயங்காலம் தன் இஷ்டத்துக்கே மறுபடி மதகுக்குப் போனார். பால்சாமி வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் குழாயடிக்கே திரும்பிவிட்டார். வர முடிகிறது என்று தெரிந்தால் போதும், வந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

மிச்சம் இருந்தது ஞானதிரவியம்.

ஜெபக்கனி போனில் கேட்டாள். “அத்தான், ஒரே ஒரு தடவ வந்துன்னு சொல்லுங்க.”

“வந்து” என்றார் அவர், பாடப்புத்தகத்தில் இருந்து வாசிக்கிற மாதிரி. அவள் அதைப் பதிந்து அவருடைய பேச்சுக்குள் வைத்துப் பார்த்தாள். அதை வைத்து அவர் ஒரே ஒரு டோல்கேட்டைத் தாண்டினார். அதற்குமேல் தூரம் குறையவில்லை.

ஜெபக்கனி நாற்காலியில் சாய்ந்து யோசித்தாள். இத்தனை ‘வந்து’வையும் வெட்டி, இத்தனை ‘வந்து’வையும் திரும்ப ஒட்டினவள் உலகத்தில் அவள் ஒருத்திதான், அவளுக்குத் தெரியாதா? சந்தனமாரி தான் பிரசவம் பார்த்தும் பிழைக்காமல் போன ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு ‘வந்து’ இருந்தது. பால்சாமி தன் அண்ணன்காரனோடு பேச்சு நின்றுபோனதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு ‘வந்து’ இருந்தது. சொல்லக் கூசுகிற ஒன்றுக்கு முன்னால் வந்து உட்காருகிற சொல் அது. சொல்ல வேண்டியது தொண்டையில் நின்றால்தான் அது வாயில் வரும். சும்மா கேட்டால் சும்மாதான் வரும். அப்படியானால் ஞானதிரவியம் அன்றைக்கு இரண்டு ‘வந்து’ சொன்னாரே, அவற்றுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று யார் சொன்னது? அவள்தான் சொன்னாள். மௌனம் என்று நினைத்து அவள்தான் வெட்டினாள்.

மறுநாள் மத்தியானம் மில் நின்றதும் ஜெபக்கனி மாடியேறினாள். மைக்குக்கு முன்னால் விருந்தாளி நாற்காலியில் முதல்முறையாக அவள் உட்கார்ந்தாள், வளையலைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள். “அண்ணாச்சி, நீங்க மூலையில உக்காருங்க. சோப்புப் பொத்தான் இருக்கும்லா, அத அமுக்குனாப் போதும்” என்றாள், சிவப்புப் பொத்தான் என்று சொல்ல வந்தவள் பதற்றத்தில் சோப்பு என்று சொல்லிவிட்டாள், வெயிலுகந்தானும் புரிந்துகொண்டு சிவப்பையே அமுக்கினார். போன் மைக்குக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரில் இருந்தது. போனில் வருகிற குரலை நிகழ்ச்சியில் சேர்க்கவே மாட்டேன், அது தகரத்தில் பேசுகிற மாதிரி இருக்கும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள். அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அந்தப் பக்கம் லாரி உறுமியது. எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த தொடக்கம் ஒன்றுதான்.

“ம், பேசுங்க” என்றாள்.

லாரி சத்தம் நின்றுவிட்டது. அவர் வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும்.

“இப்ப என்ன சொன்ன?”

“பேசுங்கன்னேன். அத்தான், அன்னைக்கு அண்ணாச்சி யாரு நெனப்பு வரும்னு கேட்டாவ. நீங்க வந்து வந்துன்னுட்டு நிறுத்திட்டிய. நா அத வெட்டிட்டேன். பொறவு என்ன சொல்ல இருந்திய?”

வெகுநேரம் சத்தமே இல்லை. மூலையில் வெயிலுகந்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய ஜெபக்கனியாக இருந்தால் அந்த மௌனத்தைக் கையோடு வெட்டியிருப்பாள். இப்போது அது எவ்வளவு நீளம் போகிறதோ போகட்டும் என்று விட்டாள்.

“அது வந்து…” என்றார் ஞானதிரவியம்.

ஜெபக்கனியின் கண் நிறைந்துவிட்டது.

“வந்து… இதத்தான் கனி. இப்பம் சொன்னியே, ம் பேசுங்கன்னு, அந்தச் சத்தந்தான் நெனப்பு வரும். ஊர்க்காது ஒண்ணு விடாமக் கேட்டுட்டேன், ஒண்ணுலயும் அது இல்ல. பேசுதவங்க தொண்டயக் கனைக்கதுக்கு முன்னால வந்து… ஒரு இடம் இருக்கும்லா, அங்கன நீ சொல்லியிருப்பன்னு நானா நெனச்சுக்கிடுவேன். ஊர்ல உள்ளவன் சத்தம் பூரா வண்டில கேக்கு. எம் பொண்டாட்டி சத்தம் மட்டும் கேக்கல.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?”

“எப்படிச் சொல்ல? நீ வந்து… காதுல அத மாட்டிக்கிட்டு நா எச்சி முழுங்குதது வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்க. வெக்கமா இருந்துச்சு.”

கீழே மில்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து மோட்டாரைப் போட்டார். தரை அதிர்ந்தது, பெல்ட் ஓடுகிற சத்தம் ஜமுக்காளத்தையெல்லாம் தாண்டி அறைக்குள் ஏறியது, பதிவு பாழ். நிறுத்தட்டுமா என்று வெயிலுகந்தான் சைகை காட்டினார். ஜெபக்கனி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மில் சத்தத்தோடும் தகரக் குரலோடும் தன்னுடைய “ம், பேசுங்க”வோடும் ஒரு முடி கூட வெட்டாமல், அன்றைக்கு வெட்டின இடத்திலேயே அதைக் கொண்டுபோய் வைத்தாள். வலையேற்றினாள். அவள் செய்த வேலைகளிலேயே கேவலமான ஒலிப்பதிவு அதுதான், அதைத்தான் தோஹாக்காரர் உட்பட எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

திரையில் ஏறிக்கொண்டிருந்த பச்சைக் கோடு முடிவதற்குள் எங்கள் ஊர் முக்கில் லாரி ஹாரன் கேட்டது. நாக்பூரிலிருந்து அதற்குள் எப்படி என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஓட வேண்டிய தூரத்தையெல்லாம் அவர் எப்போதோ ஓடி முடித்துவிட்டார், வந்து சேர்வது ஒன்றுதான் பாக்கி இருந்தது. தேய்ந்த டயரோடு வண்டி மெதுவாக மில் வாசலுக்கு வந்தது. பால்சாமி குழாயடியிலிருந்து கிளாஸைக் கழுவாமல் எட்டிப் பார்த்தார், நல்லபெருமாள் அசனத்துக்கு அரிசி அளந்துகொண்டிருந்த கையோடு வந்தார், மாவரைக்க வந்தவர்கள் வாளியோடு நின்றார்கள், நாங்கள் எல்லோரும் நின்றோம்.

ஞானதிரவியம் இறங்கினார். தாடி வளர்ந்து, சட்டையெல்லாம் வடக்கத்திப் புழுதி. மாடிப்படி உச்சியில் ஜெபக்கனி ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடியே நின்றாள். எங்கள் முன்னால் ஓடிவந்து கட்டிக்கொள்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, அவளுக்கு ஆசை இருந்தது, அது அவள் முகத்தில் தெரிந்தது. மில்காரர் தானாகவே மோட்டாரை அணைத்தார்.

“ம்” என்றாள் அவள், மேலே இருந்தே. “பேசுங்க.”

அவர் எங்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“வந்து…” என்றார்.

நாங்கள் காத்திருந்தோம். வாளி கை மாறியது, ஒரு காக்காய் கத்திவிட்டுப் போனது, ஒருவரும் அவசரப்படவில்லை.

“வந்துட்டேன்” என்றார்.